பிஸியா வச்சா பிள்ளைங்க விசுவாசத்துல வளந்துடுவாங்களா?

போன வாரம் இன்னொரு பொண்ணு வந்தா. 23 வயசு. இதே கதையோட இந்த வருஷம் எங்கிட்ட வந்த நாலாவது ஆள், அதனாலதான் இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்கள மாத்தியிருக்கேன்.)

நான் பாளையங்கோட்டையில கவுன்சிலிங் பாக்குறேன், சபையோட வாலிபர் ஐக்கியத்துல, அதாவது சர்ச் இளைஞர் குழுவுல, வளந்தவ. அந்தப் பொண்ணோட அம்மா "கோயிலுக்கே வர மாட்டேங்கா மேடம், பின்மாறிட்டா, விசுவாசத்த விட்டே விலகிட்டா, நீங்களாவது புத்தி சொல்லுங்க"ன்னு கூட்டிட்டு வந்தாங்க. தனியா உக்கார வச்சு கேட்டா, சண்டே ஸ்கூல், பாடகர் குழு, புரொஜெக்டர்ல பாட்டு வரி போடுறது, மே மாசம் விபிஎஸ் (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ், அசனத்துக்கு (சபையில எல்லாருக்கும் போடுற விருந்து) சாம்பார் வாளி, எல்லாத்துக்கும் இவ ஒருத்திதான். "அக்கா, நாலு வருஷமா நான் அசனப் பந்தியில உக்காந்து சாப்பிட்டதே இல்ல"ன்னு சொல்லிட்டு அப்படியே அழுதுட்டா. தூக்கம், பசி ரெண்டுமே மூணு வாரமா சரியில்ல. இது பின்மாற்றம் இல்லம்மா, இது சோர்வு, டாக்டர்கிட்ட காட்டணும்னு அம்மாவுக்கு புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு.

பெத்தவங்க, கமிட்டிக்காரங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை, "ஊழியத்துல பிஸியா வச்சிருந்தா பிள்ள கெட்டுப்போகாது". எத்தன தடவ சொல்றது, பிஸியா இருக்கிறது வேற, வளர்றது வேற! நாற்காலி போடுறதுல, மைக் செட் கட்டுறதுல தப்பே இல்ல, ஆனா எதுக்கு போடுறோம், அதுல யார் உக்காருவாங்க, அவங்க வாழ்க்கையில என்ன நடக்குதுன்னு யாருமே ஒரு பையன்கிட்ட பேசாம நூறு வாரம் நாற்காலி மட்டும் போட வச்சா அவன் நாற்காலி போடத்தான் கத்துக்குவான். பைபிள்ல லூக்கா 10-ம் அதிகாரத்துல மார்த்தாள் செஞ்சதும் இயேசுவுக்கான வேலைதான், அவரே வீட்டுல உக்காந்திருக்கும்போது. அவளுக்கே கவலையும் கலக்கமும்தான் மிஞ்சுச்சு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்து சாகணும்னு கேட்டப்போ தேவதூதன் முதல்ல குடுத்தது அடையும் தண்ணியும்தான், சாப்பிட்டுட்டு அவர் திரும்ப தூங்குனார். வேல பெறகுதான் வந்துச்சு. சோர்ந்து நிக்கிற பிள்ளைகிட்ட "நன்மை செய்றதுல சோர்ந்துபோகாம இருப்போமாக" வசனத்த தூக்கிக் காட்டாதீங்க, தயவுசெஞ்சு.

சேர்ந்து செய்ற சேவை பிள்ளைங்கள வளக்கும். என் கண்ணால பாத்திருக்கேன். 2023 டிசம்பர் 17, 18-ல தென் மாவட்டத்துல வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழ. தாமிரபரணி வடிஞ்சதும் எங்க ஐக்கியத்துல இருந்து எட்டு பேர் மம்பட்டி, பிளீச்சிங் பவுடரோட ஏரலுக்கு போனோம். பைபிள் ஸ்டடியில வாயே திறக்காத ஒரு பையன் ஒரு பாட்டி வீட்டுல மதியம் பூரா சேறு அள்ளுனான், அந்த பாட்டியோட கல்யாண ஃபோட்டோவ ஒட்டியிருந்த கண்ணாடியில இருந்து பிரிக்க முடியாம கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். ராத்திரி கரண்ட் இல்ல, செல்ஃபோன் வெளிச்சத்துல 69-ம் சங்கீதத்த அவன்தான் வாசிச்சான். "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன்"னு வந்ததும் நிறுத்திட்டு, "அக்கா, உளைன்னா சேறுதானே?"ன்னு கேட்டான். கால்ல சேறு இன்னும் காயல. அப்புறம் "பாட்டி இப்படி நிக்கும்போது ஆண்டவர் எங்க இருந்தார்"னு ஆரம்பிச்சு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எட்டு பேரும் பேசினாங்க, ரெண்டு பேர் அழுதாங்க. நான் ஒண்ணும் போதிக்கல. அவன் இன்னைக்கும் மாசம் ஒருக்க அந்த பாட்டிய போய் பாக்கான்.

அதனால வாலிபர் தலைவர்மாரே, அனுப்பும்போது தனியா அனுப்பாதீங்க, ஆண்டவரே ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்புனார். வேல முடிஞ்சதும் வேன்ல ஏத்தி வீட்டுல இறக்கி விட்டுட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அரைமணி நேரம் வட்டமா உக்காந்து இன்னைக்கு என்ன பாத்த, என்ன கோவம் வந்துச்சுன்னு கேளுங்க, கேள்வி கேட்டா அவிசுவாசம்னு அடக்காதீங்க. சாப்பாடு குடுக்கும்போது வாங்குறவங்க முகத்த ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறத இன்னைக்கே நிறுத்துங்க. ஒரு ஆளுக்கு ஒரு பொறுப்பு, மிஞ்சிப்போனா ரெண்டு. பரீட்ச நேரத்துல கூப்பிடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, எதுலயும் நாட்டமில்லாம இருந்தா ஜெபமும் பண்ணுங்க, டாக்டர்கிட்டயும் கூட்டிட்டு போங்க. பெத்தவங்களே, "நான் முடியல"ன்னு பிள்ள சொன்னா முதல்ல நம்புங்க.

அந்தப் பொண்ணு இப்ப மாத்திரை எடுக்குறா, கொஞ்சம் தூங்குறா. அவங்க சபையில அடுத்த அசனம் வருது. சேகரகுரு (போதகர்) ஐயாகிட்ட, அவ சம்மதத்தோட, ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கேன்: வாளிய வேற யார்கிட்டயாவது குடுங்க, அவள முதப் பந்தியில உக்கார வையுங்க.