எட்டில் மூன்று போனால் ஆங்கிலம் வரும்

எதிர் வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் 97 மதிப்பெண். பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறிய மூன்றாவது வாரம், திருத்திய விடைத்தாளோடு வந்து நின்றாள். "போட்ட கணக்கெல்லாம் சரிதான் மாமா. விடை மட்டும் எப்படித் தப்பாகிறது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். கேள்வியில் இருந்த சொற்கள்: 'ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்'. ஓர் எண்ணின் இரு மடங்கை விட ஐந்து குறைவு என்று பொருள். அந்த எண்ணைக் 'க' என்று வைத்துக்கொண்டால் 2க − 5 என்று வரவேண்டும். அவள் 5 − 2க என்று எழுதியிருந்தாள். ஐந்து முதலில் வந்தது, முதலில் எழுதினாள். அதன் பிறகு அவள் போட்ட ஆறு வரிகளிலும் ஒரு பிழை இல்லை.

பக்கத்திலேயே சின்ன எண்களை வைத்து மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தேன். '8 லெஸ் 3' என்றால் 8 − 3. '3 லெஸ் தேன் 8' என்றாலும் 8 − 3தான். ஆனால் வரிசை தலைகீழ். '3 இஸ் லெஸ் தேன் 8' என்றால் கழித்தலே இல்லை. 3 < 8 என்ற கூற்று. 'தேன்' சேர்ந்ததும் எண்கள் இடம் மாறுகின்றன, 'இஸ்' சேர்ந்ததும் கணக்கே வேறாகிவிடுகிறது. நம் நாக்குக்கு இனிக்காத தேன் இது.

தமிழில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? 'எட்டிலிருந்து மூன்றைக் கழி' என்று சொன்னாலும் 'மூன்றை எட்டிலிருந்து கழி' என்று சொன்னாலும் குழப்பம் வராது. எதிலிருந்து எடுக்கவேண்டும், எதை எடுக்கவேண்டும் என்பதை வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துச் செல்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் பழைய உருபுகள் ஏறக்குறைய எல்லாம் உதிர்ந்துவிட்டன. அந்த வேலையைச் சொல் வரிசையும் 'ஃப்ரம்', 'பை', 'டு' போன்ற குட்டிச் சொற்களும் பார்க்கின்றன. போதாததற்கு, 'எட்டை விட மூன்று குறைவு' என்னும்போது எட்டு முன்னால் நிற்கிறது. 8 − 3 என்று எழுதும்போதும் எட்டுதான் முன்னால். பத்து வருடம் அப்படிப் பழகிய கை, ஆங்கிலத்தையும் வந்த வரிசையில் எழுதுகிறது.

அந்தக் குட்டிச் சொற்களை ஆங்கில வகுப்பில் பட்டியலாக மனப்பாடம் செய்கிறோம். தப்பாகப் போட்டால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். ஏன் தப்பு என்பது பலருக்குக் கடைசி வரை தெரிவதில்லை. கணக்கில் அப்படித் தப்பிக்க முடியாது. 100 ரூபாய்ப் பொருளின் விலை 'இன்க்ரீஸ்ட் பை 120' என்றால் புது விலை 220. 'இன்க்ரீஸ்ட் டு 120' என்றால் 120. தமிழில் '120 கூடியது', '120 ஆகக் கூடியது' என்போம். நம் 'ஆக' செய்யும் வேலையை அங்கே 'டு' செய்கிறது. மாற்றிப் போட்டால் நூறு ரூபாய் நட்டம், அதுவும் கண்ணெதிரே. கணக்கு வழியாக ஆங்கிலம் ஏறுவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது: பொருள் நமக்கு முன்பே தெரியும், மொழி மட்டும்தான் புதிது, மொழியில் வழுக்கினால் விடையே காட்டிக்கொடுத்துவிடும்.

'இன்டு' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வகுப்பறைகளில் '3 இன்டு 4' என்றால் பன்னிரண்டு. இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தில் '3 இன்டு 12' என்றால் பன்னிரண்டுக்குள் மூன்று எத்தனை முறை போகும் என்ற வகுத்தல், விடை நான்கு. ஒரே சொல், நேர் எதிர் வேலை. வெளிநாட்டுத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இதை முடிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வாரம் அவள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைக் காட்டினாள். 'மை மதர் டீச்சர்' என்று ஒரு வரி. நடுவில் 'இஸ்' இல்லை, 'எ' இல்லை. தமிழில் 'என் அம்மா ஆசிரியை' முழு வாக்கியம். எழுவாய்க்குப் பக்கத்தில் ஒரு பெயரை நிறுத்தினால் அதுவே பயனிலை ஆகிவிடும், வினைச்சொல் வேண்டியதில்லை. 'மூன்றும் ஐந்தும் எட்டு' என்கிறோம், யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது.

இதை அவளுக்கு விளக்கச் சமன் குறியை எடுத்துக்கொண்டேன். '3 + 5' என்று மட்டும் எழுதினால் அது வெறும் சொற்றொடர். சரியா தப்பா என்று கேட்கவே முடியாது. '3 + 5 = 8' என்றதும் வாக்கியம் ஆகிறது. ஆக, '=' என்பதுதான் அந்த வாக்கியத்தின் வினைச்சொல். இது என் கற்பனை இல்லை. 1557இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட் தம் கணித நூலில் 'இஸ் ஈக்வல் டு' என்ற சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய், அவற்றுக்குப் பதிலாக இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு எவை இருக்கமுடியும் என்று காரணமும் சொன்னார். அறிஞர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் சாதாரண மக்களுக்காக ஆங்கிலத்தில் கணிதம் எழுதியவர் அவர். (அடுத்த ஆண்டே சிறையில் இறந்துபோனார். கணிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.) ஆக, சமன் குறி என்பது சுருக்கி எழுதிய ஆங்கிலம். கணக்கில் அதை விட்டுவிட்டு எழுதுவாயா என்று கேட்டேன். 'மதர்' என்பதற்கும் 'டீச்சர்' என்பதற்கும் நடுவில் பென்சிலால் '=' போட்டாள், பிறகு அதை அழித்து 'இஸ்' எழுதினாள்.

மிச்சமிருந்தது 'எ'. 'எ', 'தி' இரண்டும் தமிழருக்குத் தீராத தலைவலி. நாற்பது விதி கொண்ட இலக்கணப் புத்தகங்கள் இருக்கின்றன. கணக்கில் ஒரே கேள்வி போதும்: எத்தனை விடை இருக்கிறது? 12க்கு 'எ ஃபேக்டர்' சொல் என்றால் 1, 2, 3, 4, 6, 12 ஆகியவற்றில் எதைச் சொன்னாலும் சரி. 'தி லார்ஜஸ்ட் ஃபேக்டர்' என்றால் ஒன்றே ஒன்றுதான், 12. 'மிகப்பெரிய' என்று வரும் இடங்களில் ஏன் 'தி' வருகிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். இன்னும் கூர்மையான உதாரணம் வர்க்கமூலம். 9க்கு 'எ ஸ்கொயர் ரூட்' 3 ஆகவும் இருக்கலாம், −3 ஆகவும் இருக்கலாம். 'தி ஸ்கொயர் ரூட்' என்றால் மரபுப்படி 3 மட்டும். ஓரெழுத்துச் சொல் மாறினால் ஒரு விடை காணாமல் போகிறது! சூரியனுக்கு ஏன் 'தி', இமயமலைக்கு ஏன் 'தி', எவரெஸ்டுக்கு ஏன் இல்லை என்பதையெல்லாம் கணக்கு சொல்லித்தராது. எலும்புக்கூட்டைத் தரும், அவ்வளவுதான். இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் குசலம் விசாரிக்கவும் முடியாது.

சில இடங்களில் ஆங்கிலம் கஷ்டமே இல்லை. நம்மிடம் இருப்பதைத்தான் அவர்கள் வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள். 'மெனி', 'மச்' வேறுபாட்டை ஒரு பாடவேளை முழுக்க நடத்துவார்கள். 'எத்தனை', 'எவ்வளவு' என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்தது. எத்தனை இட்லி, எவ்வளவு சட்னி என்று கேட்கும் குழந்தை, எண்ணக்கூடியதையும் அளக்கக்கூடியதையும் பிரித்துவிட்டது. கணிதத்திலும் இந்தப் பிரிவு பெரிய பிரிவு: ஒரு பக்கம் முழு எண்கள், மறுபக்கம் இடைவெளியே இல்லாத எண்கோடு. பேச்சில் 'எவ்வளவு பேர் வந்தார்கள்' என்று நாம் நழுவுவது போல, அவர்களும் 'ஃப்யூவர்' வரவேண்டிய இடத்தில் 'லெஸ்' போட்டு நழுவுகிறார்கள்.

'லெட் எக்ஸ் பி எ நம்பர்' என்பதும் அப்படித்தான். 'லெட்' என்றால் 'விடு' என்று அகராதியில் பார்த்தவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் 'எக்ஸ் என்க' என்று இருக்கும். என்க, கொள்க, காண்க, நிறுவுக: எல்லாம் வியங்கோள். வாழ்க, ஒழிக என்று மேடைகளில் கேட்கிற அதே 'க'. 'லெட்… பி' என்பது ஆங்கிலத்தின் வியங்கோள் என்று தெரிந்துவிட்டால், 'லெட் தேர் பி லைட்' என்ற விவிலிய வரியும் 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்ற மொழிபெயர்ப்பும் ஒரே தட்டில் வந்து உட்காரும்.

'இஃப்', 'ஒன்லி இஃப்' என்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் தமிழ் ஒரு 'தான்' போட்டுக் காட்டிவிடுகிறது. 'நான்கால் வகுபட்டால் இரட்டை எண்' என்பது உண்மை. 'நான்கால் வகுபட்டால்தான் இரட்டை எண்' என்பது பொய். ஆறு சாட்சிக்கு நிற்கிறது.

ஆங்கிலமே தாய்மொழியாக இருந்தால் இந்தச் சங்கடங்கள் இராது என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட்டும் அவருடைய சகாக்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்த கேள்வி இதுதான்: ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுது. மாணவர் எண்ணிக்கையை 'மா' என்றும் பேராசிரியர் எண்ணிக்கையைப் 'பே' என்றும் வைத்தால் மா = 6பே. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள்; தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6மா = பே. 'சிக்ஸ் டைம்ஸ் அஸ் மெனி ஸ்டூடன்ட்ஸ்' என்று வாக்கியத்தில் ஆறும் மாணவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். கை அதே வரிசையில் ஓடிவிட்டது. பத்துப் பேராசிரியர் என்று வைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நல்ல துணைதான்.

இன்னொரு ஆய்வு 1983இல் டாம் ஹட்சன் செய்தது. பறவைகளும் புழுக்களும் இருக்கும் படத்தைக் காட்டி, புழுக்களை விடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று முதல் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்டார். 64 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதே படம், ஆளுக்கொரு புழு பிடித்தால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று கேட்டதும் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். கழித்தல் தெரியாத குழந்தை அங்கே யாருமில்லை. 'ஹவ் மெனி மோர் தேன்' என்ற சொற்கட்டுதான் குறுக்கே நின்றது.

இதனால்தான் 'குறிச்சொல்' முறை எனக்குப் பிடிப்பதில்லை. 'மோர்' வந்தால் கூட்டு, 'லெஸ்' வந்தால் கழி என்று பயிற்சிக் கையேடுகள் பெட்டி கட்டி அச்சிடுகின்றன. கண்ணனிடம் 8 மாம்பழம், அது மாலாவிடம் இருப்பதைவிட மூன்று 'மோர்', மாலாவிடம் எத்தனை? கையேட்டை நம்பினால் பதினொன்று, வாக்கியத்தைப் படித்தால் ஐந்து. மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர் ஆகியோர் 1990களில் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியை வைத்து இதைப் பார்த்தார்கள். இத்தகைய கணக்குகளில் தவறுகிறவர்களின் கண், எண்களிலும் 'மோர்', 'லெஸ்' போன்ற சொற்களிலுமே திரும்பத் திரும்பப் போய் விழுந்தது. சரியாகச் செய்கிறவர்கள் யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேச்சு என்று பெயர்களுக்குத் திரும்பிப் போனார்கள். எழுவாயைத் தேடினார்கள் என்று ஓர் இலக்கண ஆசிரியர் சொல்லியிருப்பார்.

சொல்வளத்துக்கு வந்தால், வேர் பிடித்துப் போவது சுகமான வேலை. 'ஃப்ராக்ஷன்' என்ற பின்னமும் எலும்பு முறிவான 'ஃப்ராக்சர்' என்பதும் உடைத்தல் என்ற ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை. 'டினாமினேட்டர்' என்றால் பெயர் வைப்பவர். பின்னத்தின் கீழே இருக்கும் எண் துண்டுக்குப் பெயர் வைக்கிறது, மேலே இருப்பது அந்தத் துண்டுகளை எண்ணுகிறது. 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்பதில் கடைசியில் ஏன் பன்மை 'ஸ்' என்று கேட்டால், நம் 'முக்கால்' பதில் சொல்லும்: கால் மூன்று. 'ஆட்' என்றால் ஒற்றைப்படை. ஜோடி சேராமல் மிஞ்சியது, அதனால் விசித்திரமானது என்றும் ஆயிற்று. 'ஐசோசெலிஸ்' கிரேக்கத்தில் 'சமக் கால்கள்'. அவர்கள் முக்கோணத்துக்குக் கால் வைத்தார்கள் என்றால், நாம் நாற்கரத்துக்குக் கை வைத்தோம். வடமொழியிலிருந்து வந்த 'கர்ணம்' காது. வடிவியல் புத்தகத்தில் ஒரு முழு உடம்பே இருக்கிறது.

எல்லாவற்றையும் விட அவள் தடுமாறியது 'அட் லீஸ்ட்' என்பதில். 'லீஸ்ட்' என்று காதில் விழுந்ததும் ≤ போட்டுவிடுவாள். நம் 'குறைந்தது ஐந்து பேர்' என்பதிலும் அதே கண்ணிதான்; குறைவு என்ற சொல் இருக்கிறது, பொருளோ ஐந்தும் அதற்கு மேலும். 'அட் மோஸ்ட்', 'அப் டு' இரண்டும் எதிர்ப்பக்கம், ≤. இதற்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

ஆடி மாதத்தில் அவள் அம்மாவோடு துணிக்கடைக்குப் போய்விட்டு வெறும் கையோடு திரும்பி வந்தாள். வாசல் பலகையில் ஆள் உயரத்துக்கு '50% ஆஃப்' என்று இருந்ததாம், அதன் தலைமேல் எறும்பு அளவில் 'அப் டு'. "பூஜ்யமும் அதற்குள் அடங்கும் மாமா" என்றாள்.