திரும்பி வந்த கலம் சொல்வதைக் கேளுங்கள்

பற்றவைத்த இணைப்பைச் சோதிக்க அதன்மேல் சிவப்புச் சாயம் பூசுவோம். சற்று ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளிப்போம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் மெல்லக் கசிந்து, வெள்ளையின்மேல் மயிரிழை போலச் சிவப்புக் கோடு எழும். உலோகப் பாகங்களில் இப்படிக் குறை தேடுவதே என் தொழில். அந்தக் கோட்டைக் காட்டும்போது அடிக்கடி என் காதில் விழும் பதில்: "இத்தனை நாள் ஓடிய பாகம்தானே, ஒன்றும் ஆகவில்லையே?" நான் மிகவும் அஞ்சும் வாக்கியம் இது.

மறுபயன்பாட்டு விண்கலம் என்றதும் எல்லோரும் செலவைப் பற்றியே பேசுகிறார்கள். செலவு குறைவது உண்மைதான். ஆனால் மனிதர்கள் ஏறும் கலத்துக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒருமுறை பறந்து கடலில் மூழ்கும் ராக்கெட், எவ்வளவு நெருக்கத்தில் ஆபத்திலிருந்து தப்பியது என்பதையும் சேர்த்தே மூழ்கடித்துவிடும். திரும்பி வருவதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பார்த்ததை மதிக்கவும் வேண்டும். அமெரிக்க விண்வெளி ஓடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) மேலே உந்தித் தள்ளிய பக்கவாட்டு ராக்கெட்டுகளான பூஸ்டர்கள் பாராசூட்டில் கடலில் இறங்கின. மீட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். 1981 நவம்பரில், இரண்டாவது பயணத்திலேயே, இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் அரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 1985 ஜனவரியில், கடுங்குளிருக்குப் பின் ஏவிய பூஸ்டரில், சூடான வாயு முதல் வளையத்தைத் தாண்டியதால் கரி படிந்திருந்தது. சிவப்புக் கோடு கண்முன்னே இருந்தது. பயணங்கள் நிற்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஓடம் ஏவிய 73 விநாடிகளில் சிதறி, 7 பேர் உயிரிழந்தனர். 2003இல் கொலம்பியா ஓடத்தை அழித்த, எரிபொருள் தொட்டியின் மேலுறையிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டும் புதிதல்ல; முந்தைய பயணங்களிலும் நுரை உதிர்ந்து வெப்பம் தடுக்கும் ஓடுகளில் வடு விட்டிருந்தது.

இன்று நிலைமை தேறியிருக்கிறது. 2021 ஏப்ரலில் நான்கு வீரர்கள், ஏற்கெனவே ஒருமுறை பறந்த, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் பூஸ்டரிலும் டிராகன் கலத்திலும் ஏறிச் சென்றார்கள். 2022 டிசம்பரில் ஆளில்லாமல் நிலவைச் சுற்றித் திரும்பிய ஓரியன் கலத்தின் வெப்பக் கவசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய துண்டுகள் பெயர்ந்திருந்தன. உள்ளே சிக்கிய வாயு வெளியேற வழியின்றிக் கவசத்தை விரிசலுறச் செய்தது என்று கண்டறிந்தார்கள். கலம் கைக்குக் கிடைத்ததால்தான் இந்த ஆய்வு நடந்தது.

என் கவலை செவ்வாயைப் பற்றியது. அங்கே இறங்கிய கலமே மீண்டும் எழும்ப வேண்டுமென்றால், அதைச் சோதிக்கப் பட்டறை கிடையாது; பூமியுடன் ஒரு கேள்வி பதிலுக்கே பல நிமிடங்கள் ஆகும். பயணிகளே சோதகர்களாக வேண்டும். கவசத்தையும் இணைப்புகளையும் அவர்கள் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி இப்போதே வடிவமைக்க வேண்டும்.

அது நடக்கக்கூடியதுதான். 2005இல் டிஸ்கவரி ஓடம் விண்வெளி நிலையத்தருகே குப்புறப் புரண்டு தன் வயிற்றைக் காட்டியது. நிலையத்தில் இருந்தவர்கள் படமெடுத்தார்கள். ஓடுகளின் இடைவெளியில் செருகியிருந்த இரண்டு பட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. விண்வெளி வீரர் ஸ்டீபன் ராபின்சன் இயந்திரக் கையின் நுனியில் நின்றபடி ஓடத்தின் அடியில் சென்று, கையுறை அணிந்த விரல்களால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். இரண்டும் எளிதாகக் கழன்று வந்தன.