இல்லாத ஆளின் முகம்: வாஷிங்டன் ஓவியம் உருவான விதம்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில். அமெரிக்க ஓவியர் ரெம்பிராண்ட் பீல் அவரைப் பெரிய கித்தானில் தீட்டியது 1824-ல். எதிரில் உட்கார ஆளில்லை. 1795-ல் பிலடெல்பியாவில், தம் 17 வயதில், நேரில் பார்த்து வரைந்த ஓவியம் அவரிடம் இருந்தது. தந்தை சார்லஸ் வில்சன் பீல் வரைந்தவையும், பிரெஞ்சுச் சிற்பி ஊதோனின் மார்பளவுச் சிலையும் துணைக்கு இருந்தன.

முகத்தின் அளவுகளுக்கு நம்பத்தக்கது சிலைதான். 1785 அக்டோபரில், வாஷிங்டனின் வீடான மவுண்ட் வெர்னனில், அவர் முகத்தின் மேலேயே பிளாஸ்டர் பூசி ஊதோன் அச்செடுத்திருந்தார். இதற்கு ஆளைப் படுக்கவைத்து முகமெங்கும் எண்ணெய் தடவ வேண்டும். புருவத்தில் கூடுதலாக, இல்லாவிட்டால் அச்சோடு மயிரும் பிடுங்கிக்கொண்டு வரும். மூச்சுவிட மூக்கில் இறகுத் தண்டு. பிளாஸ்டர் இறுகும்போது சூடு கிளம்பும். தடிமனாக அப்பினால் சூடும் ஏறும், கன்னச் சதையும் அமுங்கும். படுத்திருப்பதால் கன்னம் காதுப் பக்கம் சரிந்திருக்கும். நெற்றியும் மூக்கெலும்பும் பிசகாது. கண் மூடியே இருக்கும். சிலையில் அதைத் திறப்பது சிற்பியின் வேலை. ஊதோன் கருவிழியை ஆழமாகக் குடைந்து உள்ளே ஒரு துணுக்கை விட்டுவைப்பார். அதில் படும் வெளிச்சம்தான் பார்வை.

சிக்கல் வாயில். 1789-ல் பதவியேற்றபோது வாஷிங்டனுக்குச் சொந்தப் பல் ஒன்றுதான் மிச்சம். பல் போன தாடையெலும்பு தேயும். முகத்தின் கீழ்ப்பாதி குறுகும். நீர்யானைத் தந்தத்தில் செய்த பல்செட்டில் மேல், கீழ்த் துண்டுகளை ஸ்பிரிங் விரித்துத் தள்ளும். உதட்டை இறுக்கித்தான் வாயை மூட முடியும். இன்னொரு ஓவியரான கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் வரைந்த முகத்தில் வாய் உப்பியிருப்பது இதனால்தான். ஆக, சிலையின் தாடையில் 1795-ன் வாயை அப்படியே பொருத்த முடியாது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பீல் சிலைப் பக்கமே சாய்ந்தார் என்று படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. கம்பீரம் கூடியது, கிழவர் கொஞ்சம் காணாமல் போனார்.

நிறத்துக்குச் சிலை உதவாது. வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தைத் தன் பள்ளங்களுக்கே திருப்பியடிப்பதால் நிழல் வெளிறிவிடும். தோலோ ஒளியை உள்ளே வாங்கிச் சிதறடிக்கும். நிழலின் ஓரத்திலும் காதுமடலிலும் செம்மை கசியும். இதற்கு நேரில் வரைந்த பழைய ஓவியம்தான் கதி.

கல்லில் செதுக்கியதுபோல் தீட்டிய ஓக் இலை வளையத்துக்குள் முகத்தை வைத்தார் பீல். 1832-ல் அமெரிக்க செனட் அதை 2,000 டாலருக்கு வாங்கியது. முகத்தின் கணக்கு ஒருமுறை தீர்ந்துவிட்டதால் நகலெடுப்பது சுலபம். 70-க்கும் மேற்பட்ட பிரதிகளை அவரே தீட்டினார்.