எச்சரிக்கைகளைக் கடுமையாக்கும் முன்

பலர் சேர்ந்து எழுதும் ஒரு சி மொழி நூலகத்தைப் பராமரித்து வந்தபோது, நிரலை ஓடும் வடிவுக்குக் கொண்டுவரும் பில்டு வேலைக்கான கோப்பில் ஒரு நாள் டபிள்யூ-எரர் (-Werror) என்ற ஃப்ளாகை, அதாவது ஓர் அமைப்பை, சேர்த்தேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டால் எச்சரிக்கும்; எந்த எச்சரிக்கை எழுந்தாலும் அதைப் பிழையாகவே கொண்டு பில்டை நிறுத்திவிடும்படி அதற்கு இடும் ஆணை அது. என் கணினியில் எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை என்பதால் துணிந்து சேர்த்தேன். சில நாட்களில் ஒரு சிறு திருத்தத்துடன் வந்த புதிய பங்களிப்பாளர், தாம் தொடவே தொடாத கோப்பில் பில்டு நின்றுபோனதைக் கண்டு குழம்பினார். அவரிடம் இருந்த ஜிசிசி என்ற கம்பைலர் என்னுடையதைவிடப் புதியது. எனக்குக் காட்டாத எச்சரிக்கையை அவருக்குக் காட்டியது. நான் காரணத்தைக் கண்டுபிடித்து விளக்குவதற்குள் அவர் போய்விட்டார், பிறகு வரவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

ஆயினும் எச்சரிக்கைகளைக் கடுமையாக்குவது தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2014 பிப்ரவரியில் இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஆப்பிளின் எஸ்எஸ்எல் நிரலில் வெளிப்பட்ட ஓட்டையை நினைத்துப் பாருங்கள். ‘கோட்டு ஃபெயில்’ (goto fail, வேறோர் இடத்துக்குத் தாவு என்ற ஆணை) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்ததால், சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முக்கியமான படி ஓடாமலே தாண்டப்பட்டது. ஒருபோதும் ஓடாத நிரல்வரிகளைச் சுட்டும் எச்சரிக்கை கிளாங் என்ற கம்பைலரில் அப்போதே இருந்தது, ஆனால் அதைத் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும். வரி உள்தள்ளப்பட்டிருக்கும் விதமும் நிரலின் பொருளும் முரண்படுவதைச் சுட்டும் எச்சரிக்கை, 2016இல் வந்த ஜிசிசி 6இல்தான் சேர்ந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் அனுபவம் நமக்கு நேரடியாகப் பயன்படும். 2021 செப்டம்பரில், 5.15 பதிப்புக்கான பணி நடந்துகொண்டிருக்கையில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லாக் கெர்னல் பில்டுகளுக்கும் டபிள்யூ-எரரை இயல்பாகவே இயக்கினார். பல கட்டமைப்புகளிலும் பல கம்பைலர்களிலும் பில்டுகள் உடையவே, சில நாட்களிலேயே அது சோதனைக்கான பில்டுகளில் மட்டும் இயல்பாக இயங்கும்படி மாற்றப்பட்டது. அத்தனை பேர் உழைக்கும் திட்டத்திலேயே ஒரே அடியில் முடியாத காரியத்தை, நாலைந்து தன்னார்வலர்கள் நடத்தும் திட்டத்தில் ஒரே கமிட்டில், அதாவது பதிவுசெய்யும் ஒரே மாற்றத்தில், முடித்துவிடலாம் என்று எண்ணலாகாது.

அதே கெர்னலில் பொறுமையாக நடந்த வேலையும் உண்டு. ஒரு மதிப்பைப் பொறுத்துப் பல கேஸ்களில், அதாவது கிளைகளில், ஒன்றைத் தேர்வது சி மொழியின் ஸ்விட்ச் கட்டளை. அதில் ஒரு கேஸின் முடிவில் பிரேக் என்ற வெளியேறும் ஆணை இல்லாவிட்டால் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் வழிந்துவிடும்; அது வேண்டுமென்றே விடப்பட்டதா, மறதியால் விடுபட்டதா என்பது வெறும் நிரலைப் பார்த்தால் தெரியாது. இதைச் சுட்டும் எச்சரிக்கை ஜிசிசி 7இல், அதாவது 2017இல் வந்தது. அது கெர்னல் முழுவதற்கும் இயக்கப்பட்டது 2019இல் வந்த 5.3 பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் குஸ்தாவோ சில்வா முதலியோர் ஒவ்வோர் இடமாகப் படித்து, வேண்டுமென்றே விட்ட இடங்களில் குறிப்பு எழுதினார்கள். மறதியால் விட்ட இடங்களில் பிரேக் சேர்த்தார்கள். அந்த இரண்டாம் வகை ஒவ்வொன்றும் உண்மையான பிழை. எச்சரிக்கை இயக்கப்பட்ட நாளைவிட, அதற்கு முன் நடந்த இந்த வாசிப்புதான் என் பார்வையில் மதிப்புமிக்கது.

எச்சரிக்கையை வாசிக்காமல் வாயடைத்தால் என்ன நேரும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் நடந்தது சான்று. அங்கே எச்சரித்தது கம்பைலர் அன்று, நினைவகச் சோதனைக் கருவியான வால்கிரைண்ட். மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் மதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுவதாக அது முறையிட்டதால், 2006இல் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. மறையாக்கச் சாவிகளை உருவாக்க உதவும் தற்செயல் எண்களுக்குத் தேவையான, ஊகிக்கமுடியாத கலவையைச் சேர்த்ததே அவற்றுள் ஒரு வரி. 2008 மே மாதத்தில் உண்மை வெளியானபோது, ஒரே கட்டமைப்புக் கணினிகளில், ஒரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,768 சாவிகளே உருவாகக்கூடும் என்ற நிலை இருந்தது. எச்சரிக்கை பிழையாகிவிட்டால், பில்டு ஓடவேண்டும் என்ற அவசரத்தில் ஒரு காஸ்ட்டை (மதிப்பின் வகையை வலிந்து மாற்றும் ஆணையை) போட்டு மூடிவிடும் ஆசை எவருக்கும் வரும். பிறர் அனுப்பும் திருத்தங்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்போது நாங்கள் டபிள்யூ-எரரை எங்கள் தானியங்கிச் சோதனையில் மட்டும், பதிப்பு எண் உறுதிசெய்யப்பட்ட கம்பைலர்களுடன் இயக்குகிறோம். வெளியிடும் மூலத்தொகுப்பில் அது இருக்காது, ஏனெனில் நாளை வரும் கம்பைலர் எதைக் குறை சொல்லும் என்று இன்று எவருக்கும் தெரியாது. 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்கப்படாத செயல்கூறை அழைப்பது போன்ற பழைய எச்சரிக்கைகள் சிலவற்றை இயல்பாகவே பிழைகளாக்கிவிட்டது. புதிய எச்சரிக்கையை ஒரு நேரத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் சேர்க்கிறோம். அதை முன்மொழிபவரே இருக்கும் இடங்களையெல்லாம் முதலில் திருத்தவேண்டும். ஒவ்வொரு கமிட் செய்தியிலும் கம்பைலர் சொன்னது என்ன, அது உண்மையான பிழையா, வெறும் ஐயமா என்று இரண்டு வரி எழுதவேண்டும். இதனால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது, சென்ற முறை ஓர் எச்சரிக்கைக்கே இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் புதிதாக வந்த எவருடைய பில்டும் எங்களால் உடையவில்லை.