பக்கத்து வட்டாரத்தில் பலித்தது நம் பள்ளியில் பலிக்குமா?

"இந்தத் திட்டத்தால் மாணவர்களின் வாசிப்புத் திறன் உயர்ந்தது" என்று ஓர் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்தால் போதும், சில மாதங்களில் அது சுற்றறிக்கையாகிவிடும். யாரைக் கொண்டு நடத்தினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், அந்த நேரத்துக்கு எந்தப் பாடத்தை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் பின்னிணைப்பில் கிடக்கும். ஒரு வட்டாரத்து ஆய்வு இன்னொரு பள்ளிக்கு உதவுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பின்னிணைப்புதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1985 முதல் 1989 வரை வகுப்பின் அளவு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. 79 பள்ளிகள், நான்கு ஆண்டுகளில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். 13 முதல் 17 பேர் உள்ள சிறு வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு, வழக்கமான வகுப்போடு ஓர் உதவியாளர் என மூன்று வகை வைத்து, யார் எதில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். சிறு வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். உதவியாளரை மட்டும் சேர்த்த வகுப்புகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

கலிஃபோர்னியா 1996-இல் தொடக்க வகுப்புகளை 30 பேர் அளவிலிருந்து 20-க்குக் குறைக்க மாநிலம் முழுக்க ஒரே வீச்சில் நிதி ஒதுக்கியது. எல்லாப் பள்ளிகளும் ஒரே சமயத்தில் ஆசிரியர்களைத் தேடின. தகுதிச் சான்று இல்லாதவர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அந்தச் சுமை ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகள் மேல்தான் கூடுதலாக விழுந்தது. இடம் போதாமல் நூலகமும் சிறப்புக் கல்வி அறையும் வகுப்பறைகளாயின. மதிப்பெண்ணில் தெரிந்த சிறு உயர்வு வகுப்பின் அளவால் வந்ததா என்று பின்னர் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டென்னசியின் "சிறிய வகுப்பு" 17 பேரைத் தாண்டாது, கலிஃபோர்னியாவுடையது 20. அதோடு, ஒரு வகுப்புக்கு மூன்று பிரிவாவது நடத்தும் அளவுக்குக் குழந்தைகள் உள்ள பள்ளிகளே டென்னசி ஆய்வில் இருந்தன. மிகச் சிறிய பள்ளிகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எனவே அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே எதனால் பலன் வந்தது என்பதும் அது இங்கே இருக்கிறதா என்பதும்தான். மாநிலம் எங்கே, மொழி எது என்பவை அடுத்த கேள்விகள்.

நடத்தியவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். கென்யாவில் பள்ளிகளுக்கு ஒப்பந்த ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுக்கும் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனமும் வேறு சில பள்ளிகளில் கல்வித்துறையும் நடத்தின. எந்தப் பள்ளி யாருக்கு என்பதும் குலுக்கல்தான். தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய இடங்களில் உயரவில்லை. திட்டம் ஒன்று, நாடு ஒன்று. மாறியது கண்காணிப்பும் நிர்வாகமும்.

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் 'நிலைக்கேற்ற கற்பித்தல்' முறை இன்னும் தெளிவான பாடம். குழந்தைகளை வகுப்புப்படி வைக்காமல் வாசிக்கத் தெரிந்த நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுப்பது அதன் அடிப்படை. அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் மட்டும் கொடுத்துப் பார்த்த இடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர்கள் பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டத்திலேயே இருந்தார்கள். ஹரியாணாவில் கால அட்டவணையிலேயே தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, மேற்பார்வை அலுவலர்களுக்கும் இதில் பயிற்சி கொடுத்தபோது மொழித்திறன் உயர்ந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் மருந்து. "நேரம் கிடைக்கும்போது செய்யவும்" என்று ஆணை போட்டால் மருந்தை விட்டுவிட்டுச் சீசாவை அனுப்பியது போலத்தான்.

இனி எண்களைப் படிக்கும் விதம். முதலில் மாதிரி. குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பு ஊரக மாவட்டம் ஒன்றுக்கு 30 கிராமங்களையும், கிராமத்துக்கு 20 வீடுகளையும் எடுக்கிறது. அது மாவட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கான மாதிரி. அதே எண்ணை வைத்து ஓர் ஒன்றியத்தையோ ஒரு பள்ளியையோ குறை சொல்ல முடியாது. மாவட்டச் சராசரி என்றொரு பள்ளி எங்கேயும் கிடையாது. அடுத்து ஒப்பீட்டுக் குழு: திட்டம் கிடைக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா, அல்லது "முன்பு, பின்பு" மட்டும்தானா? ஓர் ஆண்டில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். பிறகு, தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசித் தேர்வு எழுதினார்கள் என்று பாருங்கள். பின்தங்கியவர்கள் அன்று வராமல் போனாலே சராசரி ஏறிவிடும்.

பலனின் அளவைத் திட்ட விலக்கத்தில் சொல்வார்கள்; மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு அது. 0.2 திட்ட விலக்கம் என்றால், நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தும்போது நடுவில் நின்ற குழந்தை சுமார் 8 பேரைத் தாண்டி முன்னே போகும். கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் கல்வியில், அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் 2020-இல் முன்வைத்த அளவுகோலின்படி 0.05-க்குக் கீழே சிறியது, 0.20-க்கு மேலே பெரியது. அதை ஒரு குழந்தைக்கு ஆகும் செலவோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

வட்டார ஆய்வு பள்ளிக்குள் நன்றாக வேரூன்றியதற்குச் சிகாகோ நல்ல சான்று. அந்நகரப் பள்ளிகளை மட்டுமே ஆராயும் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவரைப் பற்றி இரண்டே விஷயங்களைப் பார்த்தது: மேல்வகுப்புக்குப் போகப் போதுமான பாட மதிப்பு அலகுகள் (கிரெடிட்) சேர்ந்தனவா, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோல்வி உண்டா. இரண்டிலும் சரியாக இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். மற்றவர்களில் 22 சதவீதம் பேர் மட்டுமே. இது 2005 அறிக்கை. பின்னர் ஆண்டு நடக்கும்போதே, சறுக்கும் மாணவர் பட்டியல் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியது. 2007-இல் 57 சதவீதமாக இருந்த 'சரியான பாதையில்' விகிதம் (இரண்டிலும் சரியாக இருப்பவர்கள்) 2013-இல் 82 ஆனது. இந்த எண்ணை ஆசிரியரே கணக்கிடலாம், அதுவும் திருத்த நேரம் இருக்கும்போதே.

இதில் சிகாகோவின் எல்லைக்கோட்டைக் காப்பியடிக்க வேண்டாம். முறையை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளியின் கடந்த மூன்று ஆண்டு மாணவர்களில் இடைநின்றவர்களையும் முடித்தவர்களையும் எடுத்து, இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருகைப்பதிவையும் பருவத் தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வையுங்கள். எங்கே பிரிகிறார்கள் என்று தெரியும். எச்சரிக்கைக் கோடு அங்கேதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்த எண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடத் தொடங்கினால் விடைத்தாள் திருத்துவது தாராளமாகிவிடும். வெளியார் நடத்தும் ஒரு தேர்வோடு அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

புதிய முறையைச் சோதிக்கப் பத்து வாரம் போதும். மதிப்பெண் மிகக் குறைந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் உயர்ந்ததாக அறிவிப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை. அன்று உடம்பு சரியில்லாமல் எழுதியவரும் அதில் இருப்பார். ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர் மதிப்பெண் ஏறும். பின்தங்கியவர்கள் எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, பாதிப் பேருக்கு இந்தப் பருவமும் மீதிப் பேருக்கு அடுத்த பருவமும் என்று வைத்தால் ஒப்பீடும் கிடைக்கும், யாரும் விடுபடவும் மாட்டார்கள். மாவட்ட அளவிலும் இதே வழிதான்: 60 பள்ளிகள் என்றால் குலுக்கலில் வந்த 20 பள்ளிகள் முதல் ஆண்டு. முன்தேர்வையும் பின்தேர்வையும் வேறு வகுப்பு ஆசிரியர் நடத்தட்டும். 30 பேர் உள்ள வகுப்பில் ஒரு குழந்தை என்பது 3.3 சதவீதம், ஆகவே "7 சதவீத முன்னேற்றம்" என்பது இரண்டு குழந்தைகள்தான்.

முறை நடந்த ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து வார முடிவில் பலன் தெரியவில்லை என்றால் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பு இந்த நோட்டைத் திறங்கள். 50 மணி நேரம் திட்டமிட்டு, விடுமுறை, தேர்வுப் பணி, பயிற்சி வகுப்பு எல்லாம் போக 22 மணி நேரம்தான் நடந்திருந்தால், அந்த முறை இன்னும் சோதிக்கப்படவே இல்லை. 48 மணி நேரம் நடந்தும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லையென்றால் அதை நிறுத்திவிட்டு அந்தப் பாடவேளையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.