பிராமினென்ஸ்: மலையின் சொந்த உயரத்துக்குத் தமிழில் என்ன பேர்?

போன கோடை லீவில் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு ஊட்டி போயிருந்தேன். தொட்டபெட்டாவில் வண்டியை நிறுத்திவிட்டு நாலு எட்டு நடந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், பையன் முகம் தொங்கிப்போச்சு. "ஏனுங் மாமா, நீலகிரியிலேயே பெரிய மலைன்னு சொன்னீங்க, இத்தனூண்டுதான் இருக்குது?" அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஊட்டி ஊரே 2,240 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது, தொட்டபெட்டா உச்சி 2,637. நடுவில் வெறும் 400 மீட்டர், அதிலும் முக்கால்வாசியை வண்டியே ஏறிவிட்டது. சாயங்காலம் கீழே இறங்கி, மேட்டுப்பாளையம் பாக்குத்தோப்பு ஓரம் டீக்கு நிறுத்தினபோது திரும்பிப் பார்த்தவன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் 326 மீட்டர்தான். அங்கிருந்து பார்த்தால் நீலகிரி மலையாகத் தெரியாது, வானத்தைப் பாதி அடைத்த சுவராகத் தெரியும்.

ஒரே மலை. மேலே நின்றால் மேடு, கீழே நின்றால் சுவர். அப்புறம் அதன் உயரம் 2,637 என்பதற்கு என்ன அர்த்தம்? கடல் மட்டத்திலிருந்து என்று அர்த்தம். கடலோ அங்கிருந்து கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்காக மலையேறிகள் வைத்திருக்கும் சொல்தான் பிராமினென்ஸ். லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னால், 'மினேரே' என்றால் துருத்திக்கொண்டு நிற்பது. சுற்றியிருப்பதைவிடத் துருத்தித் தெரிவது பிராமினென்ட். மலைக்கு லத்தீன்காரர்கள் சொன்ன 'மோன்ஸ்' என்ற சொல்லும், மோவாய்க்குச் சொன்ன 'மென்டும்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தவை என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். ஆக இந்தச் சொல்லுக்குள் ஏற்கனவே ஒரு மலை ஒளிந்திருக்கிறது. பெரிய மனுசன் என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டால் 'முக்கியத்துவம்' என்று துப்புகிறது. 'ஆனைமுடியின் முக்கியத்துவம் 2,479 மீட்டர்' என்று படித்தால் சிரிப்பதா அழுவதா?

சரி, கணக்கு எப்படி? ஒரு உச்சியில் நிற்கிறீர்கள். அங்கிருந்து அதைவிட உயரமான இன்னொரு உச்சிக்கு நடந்தே போகவேண்டும், ஆனால் முடிந்தவரை கீழே இறங்காமல் போகவேண்டும். எந்த வழியில் போனாலும் ஒரு கட்டத்தில் கொஞ்சமாவது இறங்கித்தான் ஆகணும். இருப்பதிலேயே குறைவாக இறங்கவைக்கும் வழியில், நீங்கள் தொடும் அடிமட்டம் எதுவோ அதுதான் அந்த மலையின் கணவாய். உச்சியிலிருந்து அந்தக் கணவாய் வரைக்கும் உள்ள இறக்கம்தான் பிராமினென்ஸ். எவரெஸ்டுக்கு மேல் போக உச்சியே இல்லை என்பதால் அதற்குக் கடல்மட்ட உயரத்தையே முழுசாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது உலகத்தின் நாலாவது உயரமான லோட்ஸேவை எடுத்துக்கொள்ளுங்கள். 8,516 மீட்டர், கேட்டாலே மூச்சு வாங்கும். ஆனால் எவரெஸ்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள கணவாய் ஏறக்குறைய 7,906 மீட்டரில் இருப்பதால், அதன் சொந்தச் சரக்கு 610 மீட்டர்தான். மிச்சமெல்லாம் தேர்த்திருவிழாவில் அப்பன் தோளில் ஏறித் தேர் பார்க்கும் குழந்தையின் உயரம். கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர்தான், ஆனால் அதில் 5,885 அதனுடையதே.

தொட்டபெட்டா கதைக்கு வருவோம். அதைவிட உயரமானது ஆனைமுடி, 2,695 மீட்டர். நீலகிரியிலிருந்து ஆனைமலைப் பக்கம் போகணும் என்றால் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. பாலக்காட்டு ஊர் வழியாகப் போனால் அதலபாதாளம். குறைவாக இறங்கணும் என்றால் கிழக்கே ஒதுங்கி நம் ஊர்ப் பக்கம் வரணும். கோவைக்குத் தெற்கே உடுமலை வரைக்கும் ஒரு நீர்பிரி மேடு ஓடுகிறது. அதற்கு இந்தப்பக்கம் விழுகிற மழை நொய்யலிலும் அமராவதியிலும் சேர்ந்து காவிரிக்குப் போகிறது, அந்தப்பக்கம் விழுவது ஆழியாறு வழியாகப் பாரதப்புழையில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. தொட்டபெட்டாவின் பிராமினென்ஸ் 2,256 மீட்டர் என்கிறார்கள், அதாவது அதன் கணவாய் இந்த மேட்டில் 381 மீட்டரில் இருக்கிறது. கணவாய் என்றதும் ரெண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒத்தையடிப்பாதை என்று நினைத்துக்கொள்வோம். இங்கே தென்னந்தோப்பும் சோளக்காடும் காற்றாலையும்தான். மேடு என்றே தெரியாத மேடு.

கடல் 381 மீட்டருக்கு ஏறிவந்தால் என்ன ஆகும் என்று பையனிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஈரோடு, திருப்பூர், மேட்டுப்பாளையம் எல்லாம் தண்ணிக்குள்ளே. கோயம்புத்தூர் 411 மீட்டர், மயிரிழையில் தப்பிக்கும். அந்த நொடியில்தான் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் உள்ள தரைத் தொடுப்பு அறுந்துபோகும், தண்ணிக்கு மேலே தொட்டபெட்டா தனியாக 2,256 மீட்டர் நிற்கும்.

கவனிக்கணும், அவன் உச்சியில் நின்று பார்த்த 400 மீட்டர் வேறு, இந்த 2,256 வேறு. பக்கத்துத் தரையிலிருந்து எவ்வளவு எழும்புகிறது என்பதை பிராமினென்ஸ் நேரடியாகச் சொல்வதில்லை, ஊட்டி பீடபூமி மொத்தத்தையும் தொட்டபெட்டாவின் பேரில் பட்டா போட்டுக் கொடுத்துவிடுகிறது. பாவம், அதே நீலகிரியில் இருக்கும் கொலாரிபெட்டா உச்சி. வெறும் 7 மீட்டர்தான் குறைவு, 2,630. ஆனால் அதிலிருந்து பீடபூமி வழியாகவே தொட்டபெட்டாவுக்கு நடந்துவிடலாம் என்பதால் அதன் பங்குக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இணையத்தில் 'புடைப்பு' என்று சில இடங்களில் பார்த்திருக்கிறேன். லத்தீன் பொருளுக்கு நேர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பக்கம் புடைப்பு என்றால் நிலைவாசலில் இடித்துக்கொண்டு நெற்றியில் வீங்குவது, புடைப்பது என்றால் முறத்தில் போடுவது. பழைய நிகண்டுகளில் மலைக்கே 'ஓங்கல்', 'பிறங்கல்' என்ற பெயர்கள் உண்டு. 'ஓங்குதாங்கான ஆள்' என்று இன்றைக்கும் சொல்கிறோம், அதனால் ஓங்கல் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அது மலையின் பெயர், அளவின் பெயர் இல்லை. 'எழுச்சி' என்றால் கூட்டம் கோஷம் என்று புத்தி வேறெங்கோ போய்விடும்.

என் ஓட்டு 'தன்னுயரம்' என்பதற்கு. தன்னாட்சி, தன்னம்பிக்கை மாதிரியே தன் + உயரம். இரவல் போக மிச்சம் எது என்று கேட்டவுடனே புரியும். அடிவாரத்திலிருந்து அளப்பதைத் தனியாக 'அடிவார உயரம்' என்று சொல்லிக்கொண்டால் ரெண்டும் குழம்பாது.

இந்த அடிவார உயரத்தைக் கொங்கு நாட்டுக்காரன் கண்ணாலேயே எடைபோட்டுவிடுவான் என்பது வேறு விஷயம். முள்ளும் பாறையுமாகக் கிடந்தால் கரடு, அதை யாரும் மலை என்று மதிக்கமாட்டார்கள். சென்னிமலை கடல்மட்டக் கணக்கில் ஊட்டி பஸ் ஸ்டாண்டின் உயரத்தில் கால் பங்கு இருந்தால் பெரிசு. ஆனாலும் சமவெளியில் ஒண்டியாக நிற்பதால் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிடுகிறோம், 1,320 படி ஏறினவனுக்கு அது கரடு இல்லை என்று முழங்கால் சொல்லும். சென்னி என்றாலே தலைதான்.

அந்த நீர்பிரி மேட்டில் என் கூட்டாளி ஒருத்தனுக்குத் தோட்டம் இருக்கிறது. தொட்டபெட்டாவின் அளவே உன் தோட்டத்து வரப்புப் பக்கம் எங்கேயோதான் ஆரம்பிக்குது என்று போனில் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி மாப்ள, மேலே எத்தனைன்னு சொல்லிட்டே, போர்ல தண்ணி எத்தனை அடிக்குக் கீழே கிடக்குதுன்னு உங்க கணக்குல வருமா?" என்றான்.