நிமிடத்துக்கு 102 சுற்று

நிறுத்தி வைத்த பைக் சும்மா உறுமும்போதே அதன் இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். 2006-ல் ஓடத் தொடங்கிய எம்மா மெர்ஸ்க் கன்டெய்னர் கப்பலின் டீசல் இன்ஜினுக்கோ முழு வேகத்திலும் 102 சுற்றுதான், ஆனால் அதில் கிடைப்பது சுமார் 1,09,000 குதிரைத்திறன். 14 சிலிண்டர், எடை 2,300 டன், உயரம் 13 மீட்டருக்கு மேல். எடையையும் உயரத்தையும் கேட்டுத்தான் எல்லோரும் வாய் பிளப்பார்கள். எனக்கென்னவோ அந்த 102தான் பெரிய விஷயமாகப் படுகிறது, இந்த இன்ஜினின் விசித்திரங்களில் பாதி அந்த நிதானத்தால் வந்தவை.

ஏன் இவ்வளவு மெதுவாக? எல்லாம் ப்ரொப்பல்லருக்காக. கொஞ்சம் தண்ணீரை வேகமாக விசிறுவதைவிட, நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் சக்தி குறைவாக வீணாகும். அதனால் ஒன்பது மீட்டருக்கு மேல் விட்டமுள்ள ப்ரொப்பல்லரை மாட்டி, மெதுவாகச் சுற்றுகிறார்கள். வேகமாகச் சுற்றினால் இலைகளின் மேல் அழுத்தம் குறைந்து தண்ணீர் ஆவிக்குமிழிகளாகி, அவை உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். இன்ஜினே மெதுவாக ஓடிவிட்டால் நடுவில் கியர்பாக்ஸ் எதற்கு? நேரடியாக ஷாஃப்ட்டில் இணைத்துவிடலாம்.

சரி, சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் சக்தி பெரிதாக இருக்க வேண்டும். எம்மாவின் சிலிண்டருக்கு விட்டம் 96 சென்டிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 2.5 மீட்டர். ஓவர்ஹால் சமயத்தில் ஆளே உள்ளே இறங்கி தேய்மானத்தை அளக்கலாம். ஒவ்வொரு முறை எரியும்போதும் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 160 கிராம் எண்ணெய், ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு. ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுக்கிய காற்றின் சூடே எண்ணெயைப் பற்றவைக்கும்.

இது டூ ஸ்ட்ரோக். உடனே பழைய பைக்கின் புகை ஞாபகம் வரும், ஆனால் இது வேறு ஜாதி. பிஸ்டன் அடியில் போனதும் சிலிண்டர் சுவரின் கீழே உள்ள துளைகள் திறக்கும், வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் டர்போசார்ஜர் தள்ளும் காற்று சுழன்றபடி மேலேறி, பழைய புகையைத் தலையில் உள்ள எக்ஸாஸ்ட் வால்வு வழியாகத் துரத்திவிடும். வால்வு மூடிய பிறகே எண்ணெய் உள்ளே பீய்ச்சப்படுவதால், எரியாத எண்ணெய் புகையோடு தப்பிப்போக வழியில்லை.

பிஸ்டன் இவ்வளவு தூரம் போய்வந்தால், அதைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைத்துச் சாய்ந்தாடும் கனெக்டிங் ராடு அதைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளியே சிலிண்டரைத் தேய்த்துவிடும். அதனால் பிஸ்டனுக்குக் கீழே நேர்க்கம்பி ஒன்று இறங்கி கிராஸ்ஹெட் என்ற சறுக்குக் கட்டையில் முடிகிறது, கனெக்டிங் ராடு அங்கிருந்துதான் தொடங்கும். மேலிருந்து விழும் கரி, கீழே கிராங்க்கின் மசகு எண்ணெயில் கலக்காமல் இருப்பது உபரி லாபம்.

எரிபொருளும் அந்த நிதானத்தின் தயவுதான். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலும் டீசலும் போக மிஞ்சும் தார் மாதிரியான கசடு எண்ணெய், குளிர்ந்தால் நகரவே நகராது. அதைச் சூடாக்கி, வேகமாகச் சுழலும் பிரிப்பான்களில் தண்ணீரையும் மண்ணையும் நீக்கிவிட்டு, மறுபடி நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புவார்கள். ஒரு சுற்றுக்கு அரை வினாடிக்கு மேல் ஆவதால் இந்தக் கசடும் எரிந்து முடிய அவகாசம் கிடைக்கிறது. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய பாதி ஷாஃப்ட்டுக்கு வந்துவிடும், சாதாரண பெட்ரோல் கார்களில் இந்த அளவு வராது. ஆனால் கசடில் கந்தகம் உண்டு, காற்றைக் கெடுப்பதோடு சிலிண்டருக்குள்ளும் கந்தக அமிலமாகி அரிக்கும், அதை முறிக்கவே காரத்தன்மையுள்ள தனி மசகு எண்ணெயைச் சுவரில் விடுகிறார்கள். 2020 முதல் 0.5 சதவீதத்துக்கு மேல் கந்தகம் கூடாது என்பது உலக விதி, மீறி இருந்தால் புகையைக் கழுவும் கருவி வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. முதலில் மோட்டார் ஒன்றால் இன்ஜினை மிக மெதுவாக உருட்டுவார்கள். அப்புறம் சிலிண்டர் தலையில் உள்ள சின்னக் குழாய்களைத் திறந்துவைத்து, எண்ணெய் விடாமல் காற்றால் மட்டும் ஒரு சுற்று சுற்ற, ஒவ்வொரு குழாயாகப் புஸ் புஸ்ஸென்று ஊதும். ஊதலோடு தண்ணீர் தெறித்தால் உள்ளே எங்கோ கசிவு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாதே, கவனிக்காமல் கிளப்பினால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். எல்லாம் சரியென்றால் குழாய்களை மூடிவிட்டு, சுமார் 30 பார் (வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 30 மடங்கு) அழுத்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குள் வரிசையாக விட்டு பிஸ்டன்களைத் தள்ளி, வேகம் பிடித்ததும் எண்ணெய் விடுவார்கள்.

ரிவர்ஸ் கியரும் கிடையாது. கப்பல் பின்னால் போக வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் சேமித்த காற்று கரையும். அதனால்தான் இப்படித் திசைமாறும் இன்ஜினுக்கு, மறுபடி நிரப்பாமலே 12 தடவை ஸ்டார்ட் செய்யுமளவு காற்று இருப்பில் இருக்க வேண்டும் என்று விதி.

இப்போது இன்னும் மெதுவாக்கியிருக்கிறார்கள். கப்பலுக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், மணிக்கு 25 கடல் மைலிலிருந்து 20-க்கு இறங்கினால் பாதி சக்தியே போதும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கப்பல்கள் இப்படி மெதுவாகப் போகத் தொடங்க, புகை குறைந்து டர்போசார்ஜர்கள் சோர்ந்து, இன்ஜின்கள் காற்றில்லாமல் தவித்தன. அதற்கு ஒரு வைத்தியம், பல டர்போசார்ஜர் உள்ள இன்ஜின்களில் ஒன்றை அடைத்துவிட்டு, இருக்கிற புகையை மற்றவற்றுக்குப் பங்கிடுவது. பிறகு வந்த பெரிய இன்ஜின்களோ பிறவியிலேயே நிதானம், பிஸ்டன் ஓட்டம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், சுற்று வெறும் 80.